6204 ஸெட் ஸெட் சி3

அப்பா இறந்து மூன்று மாதம் கழித்து அவருடைய சாமான் பெட்டியைக் காலி செய்தேன். அடியில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு சிகரெட் அட்டை. உட்புறத்தில் பென்சிலால் எழுதியிருந்தார்: ‘6204 ஸெட் ஸெட் சி3 – 2. 6304 – 1.’

அந்த அட்டையை எனக்குத் தெரியும். எனக்குப் பத்து வயது இருக்கும்போது அதை வைத்து வீட்டில் பெரிய சண்டை நடந்தது. நம் ஊரில் ஒரு தாளில் நாலு இலக்கம் இருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

“நம்பர் எடுக்கிறீங்களா? சம்பளத்துல நாப்பது வெள்ளி எங்க போச்சு?”

“அது பேரிங் நம்பரு. மில்லுக்கு வாங்குனேன், மாசக் கடைசியில காசு குடுத்துடுவாங்க.”

யாரும் நம்பவில்லை. நானும் அம்மா பக்கம் நின்று சிரித்தேன்.

அப்பா செம்பனை ஆலையில் ஃபிட்டர். தோட்டப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு சரி. மலாயில் பாரம் வந்தால் என்னிடம் நீட்டுவார். எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

ஈப்போவில் ஒரு ஹார்ட்வேர் கடையில் அட்டையைக் காட்டினேன். தவுக்கே ஒருமுறைதான் பார்த்தார். எதுவும் கேட்காமல் இரண்டு சிறிய பெட்டிகளை எடுத்து வைத்தார். நான் விழித்ததைப் பார்த்து அவரே விளக்கினார்.

முதல் 6 என்றால் உருண்டை போட்ட சாதாரண பேரிங். அடுத்த எண் அதன் கனம். 2-ஐவிட 3 தடிமன். கடைசி 04-ஐ ஐந்தால் பெருக்கினால் நடுத்துளையின் அளவு, 20 மில்லிமீட்டர். ஆனால் 04-க்குக் கீழே இந்தக் கணக்கு செல்லாது: 03 என்றால் 17, 02 என்றால் 15. அதை மனப்பாடமாகத்தான் வைத்திருக்க வேண்டும். ஸெட் ஸெட் என்றால் இரண்டு பக்கமும் தகர மூடி. சி3 என்றால் உள்ளே வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் இடைவெளி. சூட்டில் இரும்பு விரியும். இடம் விடாவிட்டால் இறுகிப்போகும்.

இரண்டையும் கையில் வைத்துப் பார்த்தேன். 6204, 6304. துளை ஒன்றுதான். ஒரே ஷாஃப்ட்டில் ஏறும். ஆனால் இரண்டாவது கையை இழுத்தது. அதிக பாரம் தாங்குவது அதுதான்.

நான் தமிழில் பட்டம் வாங்கியவன். அந்த ஒரு வரியைப் படிக்க எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அப்பா அதை நினைவிலிருந்தே எழுதியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டியைத் திறந்து பேரிங்கை விரலால் ஒரு சுற்று சுற்றினார். சத்தமே இல்லாமல் சுற்றியது.

“அன்னிக்கே சொல்லியிருக்கலாமே இந்த மனுசன்.”

“சொன்னாரும்மா.”

அம்மா அதற்குப் பதில் பேசவில்லை. அட்டையை வாங்கி, அப்பா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார்.