இருவர், ஓர் அறை
தன்பால் ஈர்ப்புள்ள பயணிக்கு அறை வாடகையைவிட முக்கியம், வாசலில் கேட்கப்படும் கேள்வி

கோரமங்கலாவின் சோனி வேர்ல்டு சிக்னலைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் ஈஜிபுரா. 2017-ல் வேலை தொடங்கி, பல ஆண்டுகள் வெறும் தூண்களாக நின்ற மேம்பாலம்தான் பெங்களூர்வாசிகள் பலருக்கு இந்தப் பெயரை மனப்பாடமாக்கியது. உள்ளே சந்துகள். குறுகிய மனைகளில் மூன்று, நான்கு மாடிகள். மாடிப்படிக்கு மாடிப்படி பேயிங் கெஸ்ட் போர்டு. கடைத்தெருவில் தமிழிலேயே காய்கறி வாங்கலாம். பக்கத்து விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் வியாழக்கிழமை தோறும் கூட்டம் அலைமோதும்.

இப்படிப்பட்ட பகுதிகளில்தான் 'ஹோம்ஸ்டே' வளர்கிறது. கோரமங்கலாவின் உணவகங்களும் கம்ப்யூட்டர் கம்பெனிகளும் அருகில், வாடகையோ குறைவு. வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தால் இணையத்தில் படம் போட்டு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். தன்பால் ஈர்ப்பாளர்களையும் திருநங்கை, திருநம்பிகளையும் பொறுத்தவரை இது வெறும் சிக்கன ஏற்பாடு அல்ல. ஓட்டல் வரவேற்பறையைத் தவிர்க்கும் வழி.

இரண்டு ஆண்கள் ஒரே கட்டில் உள்ள அறை கேட்டால் குமாஸ்தாவின் புருவம் உயர்கிறது. திருநங்கையின் ஆதாரில் பழைய பெயரும் பழைய முகமும் இருந்தால் விசாரணையே தொடங்கிவிடும். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் 377-வது பிரிவின் பிடியிலிருந்து வயதுவந்தோரின் சம்மத உறவை விடுவித்தது. அதோடு குற்றம் போனது, கூச்சம் போகவில்லை. திருநர்களுக்கு வாடகை இடம் மறுப்பதை 2019-ம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. தன்பால் ஜோடிகளுக்கு அப்படித் தனிச்சட்டம் ஏதும் இல்லை.

2025 ஜனவரியில் ஓயோ நிறுவனம், மீரட் நகரில் மணமாகாத ஜோடிகளிடம் உறவுக்குச் சான்று கேட்கவும், அறை மறுக்கவும் தன் ஓட்டல்களுக்கு இடம் கொடுத்தது. ஆணும் பெண்ணும் என்றைக்காவது அந்தச் சான்றைப் பெற்றுவிடலாம். இரண்டு பெண்களால் முடியாது: தன்பால் திருமணத்துக்கு அங்கீகாரம் தர 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

இது இந்தியாவின் தலைவலி மட்டுமல்ல. பார்சிலோனாவில் துணைவருடன் தங்கப் போன பிரெஞ்சுக்காரர் மத்தியூ ஜோஸ்ட், வீட்டுக்காரரின் முகச்சுளிப்பைக் கண்டபின் தொடங்கியதுதான் 'மிஸ்டர் பி அண்டு பி' என்ற தங்குமிடத் தளம். பாலின ஈர்ப்பைக் காரணம் காட்டி விருந்தினரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று ஏர்பிஎன்பி 2016-ல் விதியை இறுக்கியது.

பெங்களூருக்கு இவ்விஷயத்தில் பழைய பரிச்சயம் உண்டு. 'குட் ஆஸ் யூ' என்ற ஆதரவுக் குழு 1994-லேயே இங்கு தோன்றியது. 2008 முதல் வானவில் ஊர்வலம் நடக்கிறது. வெளியூர்க்காரர்கள் தேடி வரும் நகரம்.

ஆனால் விதி இணையத்தில் இருக்கிறது. வீடு தெருவில் இருக்கிறது. அறை தருபவரே பல வேளைகளில் வாடகைக்காரர். கீழ்த்தளத்தில் வீட்டுச் சொந்தக்காரர். பிரம்மச்சாரிகளுக்கே 'ஃபேமிலிக்கு மட்டும்' என்று போர்டு மாட்டும் ஊர் இது. விருந்தளிப்பவர் மனமுவந்து வரவேற்றாலும், அந்த வரவேற்பு மாடிப்படியோடு நின்றுவிடக்கூடும்.

எனவே விவரமறிந்த பயணிகள் முன்பணம் கட்டுமுன் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறார்கள். நாங்கள் ஜோடி, ஒரே கட்டில் போதும், சம்மதமா? வீட்டுச் சொந்தக்காரர் அதே கட்டடத்திலா? இரவு கேட் எத்தனை மணிக்குப் பூட்டப்படும்? முன்பு தங்கியவர்களின் குறிப்புகளையும் படிக்கிறார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தில் தகவல் தருவது விருந்தளிப்பவரின் கடமை. அதில் பாஸ்போர்ட், விசா விவரம் வேண்டும். விருந்தினர் யாரை நேசிக்கிறார் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

நல்ல வீட்டை அடையாளம் காண வாசலில் வானவில் கொடி தேட வேண்டியதில்லை. அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, அடுத்த கேள்வியாக 'காபியா, டீயா?' என்று கேட்டால் போதும்.