தேர்வுக்கு முந்திய தேர்வு

பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் கைக்கு வருவதற்கு ஈராண்டுகளுக்கு முன்னரே மாணவர் ஒரு வினாவுக்கு விடையளிக்கத் தொடங்கிவிடுகின்றனர். எதைப் படிப்பது, எதை விடுவது என்பதே அவ்வினா. அதற்குப் புள்ளியிடுவோர் எவருமிலர். பிழையாக விடையளித்தவர் தம் பிழையை உணர்வது பெறுபேறு வெளியான பின்னரேயாகும். நகரத்து மாணவர்க்கு இப்பிழை ஓரளவு பொறுக்கப்படும். ஒரு நூல் உதவாவிடின் இன்னொன்றை வாங்கலாம். ஓர் ஆசிரியர் பொருந்தாவிடின் அடுத்த வீதியில் மற்றொருவர் இருப்பார். புத்தகச் செலவை நெல் மூடையில் அளந்து பார்க்கும் வீடுகளிலோ ஒரு பிழைக்கு ஒரு போகத்தின் உழைப்பே விலையாகிவிடுவதுண்டு.

இலங்கையில் மருந்தாக்கவியல் பட்டப்படிப்புக்கெனத் தனியானதொரு நுழைவுப் பரீட்சை இல்லை. கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையே அதற்கும் வாயிலாக அமைந்துள்ளது. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்று பாடங்களிலும் ஒருவர் பெறும் புள்ளி, அவ்வப் பாடத்தின் சராசரியோடும் நியம விலகலோடும் ஒப்பிடப்பட்டு இசெட் புள்ளியாக மாற்றப்படுகிறது. இம்முறை 2001 ஆம் ஆண்டுப் பரீட்சை முதல் நடைமுறையில் உள்ளது. அனுமதிக்குரிய இடங்களுள் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், எஞ்சிய 5 வீதம் கல்வி வசதி குறைந்தனவாகக் கொள்ளப்பட்ட மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. வவுனியா மாவட்டம் இவ்விறுதி வகையிலும் அடங்கும். ஆயினும் இவ்வொதுக்கீட்டினால் போட்டி இல்லாதொழிந்துவிடவில்லை. ஒரு மாவட்டத்துக்கு மருந்தாக்கவியலில் கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இத்தனை புள்ளி எடுத்தாற் போதும் என முன்கூட்டியே சொல்லத்தக்க எல்லை எதுவுமில்லை. பக்கத்து மேசையில் இருப்பவர் எவ்வளவு எடுக்கிறார் என்பதைப் பொறுத்தே அது அமைகிறது. இந்நிலையில் அச்சம் தோன்றுவது இயல்பு. அச்சம் கொண்ட மாணவர் முதலிற் செய்வது புத்தகங்களைச் சேர்ப்பதாகும்.

வவுனியா நகருக்கு வடக்கே, யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியில், வயல்களும் குளங்களும் சூழ அமைந்த ஊர் ஓமந்தை. வெளியூரார் பலருக்கு அது ஒரு சோதனைச் சாவடியின் பெயராகவே நினைவில் நிற்கிறது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டு வீதி திறக்கப்பட்ட பின்னர், வன்னிக்குட் செல்வோரும் அங்கிருந்து வருவோரும் தம் பொதிகளை அவிழ்த்துக் காட்டி வரிசையில் நின்ற இடம் அது. 2009 இல் போர் முடிந்தது. 2011 இல் புகையிரதம் மீண்டும் ஓமந்தை வரை வந்தது. அவ்வூர் மாணவி ஒருத்தி 2017 இல் உயர்தர உயிரியல் விஞ்ஞானப் பிரிவிற் சேர்ந்தபோது, அவளுக்கு வீட்டில் ஆயத்தமாக இருந்த ஒரே நூலகம் தாய்மாமனின் தகரப்பெட்டி ஒன்றே.

மாமா 1996 இல் உயர்தரப் பரீட்சை எழுதியவர். மண்ணெண்ணெய் கிடைத்தற்கரிய பொருளாயிருந்த அக்காலத்தில், ஜாம் போத்தலில் திரியிட்ட விளக்கின் முன்னிருந்து படித்தவர். அவருக்குப் பல்கலைக்கழக அனுமதி கிட்டவில்லை. 1997 மே மாதத்தில் 'ஜெயசிக்குறு' படை நடவடிக்கை தொடங்கி ஊர் பெயர்ந்தபோது, துவிச்சக்கரவண்டியின் பின்புறத்தில் அவர் கட்டிச்சென்ற பொருள்களுள் அப்பெட்டியும் ஒன்று. பின்னாளில் அவர் வவுனியாவில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளராகச் சேர்ந்தார். இருபது ஆண்டு அனுபவத்தில் அவர் அறியாத மருந்து அக்கடையில் இல்லை. எனினும் மருந்தகத்தின் பொறுப்பு பதிவுபெற்ற மருந்தாளருக்கே சட்டப்படி உரியதாகையால், அம்மருந்தாளர் வரும்வரை சில மருந்துச் சிட்டைகளை ஒருபுறம் எடுத்து வைத்துவிட்டுக் காத்திருப்பார். மருமகள் மருந்தாளராக வேண்டும் என்று அவர் ஒருநாளும் வாய்திறந்து சொன்னதில்லை. அவள் அந்தக் காத்திருப்பைக் கண்டு வளர்ந்தவள்.

பெட்டி திறக்கப்பட்ட அன்றே முதற் சிக்கல் எழுந்தது. மாமாவின் காலத்தில் உயர்தரத்துக்குப் பாடங்கள் நான்கு. தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியே இருந்தன. 2000 ஆம் ஆண்டுப் பரீட்சையோடு பாடங்கள் மூன்றாகிய வேளையில் அவை இரண்டும் உயிரியல் என ஒன்றாயின. பழைய நூல்கள் உயிரிகளை ஐந்து இராச்சியங்களாக வகுத்துக் காட்டின. அது விற்றேக்கர் 1969 இல் முன்வைத்த பாகுபாடு. 1990 இல் வூசும் அவர்தம் துணைவரும் முன்வைத்த மூன்று பேரிராச்சியப் பாகுபாட்டையே அவளுடைய வகுப்பிற் கற்பித்தனர். மாறாக, பௌதிகவியலில் விசையும் உந்தமும் பற்றிய கணக்குகள் அன்று போலவே இன்றும் இருந்தன. ஒரே பெட்டியில் ஒரு நூல் முதுமையடைந்திருக்க, அருகிலிருந்த மற்றொன்று இளமையோடிருந்தது.

“மாமா, இதுகளைப் படிச்சால் காணாதோ?” என்று அவள் கேட்டாள்.

“காணாது பிள்ளை. நான் இதுகள் எல்லாத்தையும் படிச்சனான். எதை விடவேணும் எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரேல்லை” என்றார் அவர்.

அவ்விடையின் பொருள் அன்று அவளுக்கு விளங்கவில்லை. தரம் பதினொன்று வரை பாடநூல்களை அரசே இலவசமாக வழங்குகிறது, உயர்தரத்தில் அவ்வாறில்லை. பதினாறு வயது வரை ஒரு நூலையேனும் தானே தெரிவு செய்து பழகாத பிள்ளை திடீரெனக் கடையின் முன் நிறுத்தப்படுகிறாள். வார இறுதிகளில் வவுனியாத் தனியார் கல்வி நிலையங்களுக்குச் சென்றுவந்த அவள், மூன்று பாடங்களுக்கும் வகுப்புக் குறிப்புகள், சுருக்கக் குறிப்புகள், மாதிரி வினாத்தாள்கள், எதிர்பார்க்கை வினாக்கள் என வாங்கிச் சேர்த்தாள். 2019 ஆம் ஆண்டுப் பரீட்சையே புதிய பாடத்திட்டத்தின் கீழ் நடைபெறவிருந்த முதற் பரீட்சை. ஆதலால் அப்பாடத்திட்டத்துக்குரிய கடந்தகால வினாத்தாள் ஒன்றேனும் அப்போது இருக்கவில்லை. அவ்வெற்றிடத்தை நிரப்பப் பலர் முன்வந்தனர். 'புதிய பாடத்திட்டம்' என்று அட்டையில் அச்சிடப்பட்டிருந்த ஒரு தொகுப்பில் உள்ளே இருந்தவை பெரும்பாலும் பழைய வினாக்களே. ஒரே வினாவுக்கு இரு தொகுப்புகள் வெவ்வேறு விடை கூறின. எது சரியென அறிய அவள் ஒரு வாரத்தைச் செலவிட்டாள். பரீட்சை நெருங்கியபோது நூற்குவியல் கதிரையின் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. பெறுபேறு வந்தபோது மூன்று பாடங்களிலும் சித்தி கிடைத்தது, இடம் கிடைக்கவில்லை.

இரண்டாம் முறை எழுதுவதற்கு அவள் ஆயத்தமாகிக்கொண்டிருந்த 2020 மார்ச்சில், கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகளும் தனியார் வகுப்புகளும் மூடப்பட்டன. ஓகஸ்டில் நடைபெறவிருந்த பரீட்சை ஒக்டோபருக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கைத்தொலைபேசி வழியே நடைபெற்ற வகுப்புகள் இணைப்புக் கிடைத்த நேரத்தில் மட்டும் கேட்டன. வீட்டிலிருந்தவற்றைக் கொண்டே படிக்கவேண்டிய நிலையில், ஒருநாள் மாலை மாமா அக்குவியலின் முன் வந்தமர்ந்து, அவற்றுள் இரண்டு முறை முழுமையாகப் படித்து முடித்தது எது என்று வினவினார். அவள் காட்டுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மருந்துக்கடையில் மாதந்தோறும் செய்யும் வேலையை மாமா அங்கும் செய்தார். காலாவதியான மருந்துகளை இறாக்கையிலிருந்து இறக்கும் வேலை அது. ஒவ்வொன்றையும் கையிலெடுத்து மூன்று கேள்விகள் கேட்டார். இது பாடத்திட்டத்தின் எந்த அலகுக்கு உரியது? இதிலுள்ள விடைக்குப் பொறுப்பானவர் யார்? பரீட்சைக்கு முன் இதனை இன்னொரு முறை படிக்க நாள் இருக்கிறதா? மூன்றில் ஒன்றுக்கேனும் விடை இல்லாதவை முற்றத்துப் பக்கம் சென்றன. பணம் கொடுத்து வாங்கியவற்றை அவ்வாறு ஒதுக்குவது அவளுக்கு எளிதாயிருக்கவில்லை. எதிர்பார்க்கை வினாக்களின் கட்டு ஒன்றை அவள் இருமுறை திரும்ப எடுத்துவந்து வைத்ததும் உண்டு.

எஞ்சியவை சிலவே. பாடத்திட்டம் முதலாவது. மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிட்ட வளநூல்களும் ஆசிரியர் வழிகாட்டிகளும் இரண்டாவது. இவற்றை அந்நிறுவகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகவே பெறலாம். 2019 இன் வினாத்தாளும், அதற்கு முந்திய ஆண்டுகளின் வினாத்தாள்களுள் புதிய பாடத்திட்டத்துக்கு ஏற்காத வினாக்களைக் கோடிட்டு நீக்கிய பிரதிகளும், புள்ளித்திட்டங்களோடு மூன்றாவது. பரீட்சைத் திணைக்களத்தின் மதிப்பீட்டு அறிக்கைகள் நான்காவது. தனியார் வகுப்புக் குறிப்புகளுள் சேதன இரசாயனத்துக்குரியவை மட்டும் தப்பின. அவற்றை அவள் விளங்கிப் படித்திருந்தாள். இவற்றோடு அவள் தானே ஒரு கொப்பியைத் தொடங்கினாள். செய்த பிழைகளை மட்டும் எழுதும் கொப்பி அது.

இத்தெரிவின் பயன் பரீட்சையின் அமைப்பை நோக்குமிடத்துப் புலப்படும். ஒவ்வொரு பாடத்திலும் முதலாம் வினாத்தாள் 50 பல்தேர்வு வினாக்களைக் கொண்டது. இரண்டாம் வினாத்தாளில் அமைப்புக் கட்டுரை வினாக்களும் கட்டுரை வினாக்களும் உள்ளன. புள்ளித்திட்டத்தோடு தன் பழைய விடைகளை ஒப்பிட்டபோது, தான் பக்கம் பக்கமாக எழுதியவற்றுள் புள்ளிக்குரிய கருத்துகள் நான்கைந்தே இருந்தமையை அவள் கண்டாள். மதிப்பீட்டு அறிக்கையோ வேறொன்றைக் காட்டியது. ஒரு பல்தேர்வு வினாவில் எத்தனை வீதத்தினர் எந்தத் தவறான விடையைத் தெரிந்தனர் என்பது அதில் உண்டு. நாடெங்கும் பலர் விழும் குழி எது என்பதை அறிந்தபின், தானும் அக்குழியில் விழுந்தவள்தான் என்பதை அவள் பிழைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். அலகுகளை மாற்றுவதிலேயே அவளுடைய பிழைகளிற் பெரும்பாகம் இருந்தது. அதைப் பார்த்த மாமா சிரிக்கவில்லை. பரசிற்றமோலை மில்லிகிராமிலும் தைரொட்சினை மைக்கிரோகிராமிலும் அளந்து கொடுக்கும் கடையில், அலகைத் தவறவிட்டவர் ஆயிரம் மடங்கு தவறிவிடுவார் என்று மட்டும் கூறினார். பரீட்சையில் ஒரு புள்ளியாக மறைந்துபோகும் பிழை, அத்தொழிலில் ஒரு நோயாளியின் உடலுக்குட் சென்று சேரும்.

பழைய பெட்டியிலிருந்து இரண்டு பொருள்கள் மேசைக்கு வந்தன. ஒன்று, மாமா தம் கையால் எழுதிய பௌதிகவியற் கணக்குக் கொப்பி. மற்றது, அரசகரும மொழித் திணைக்களம் வெளியிட்ட இரசாயனவியற் சொற்றொகுதி. ஆங்கிலச் சொல்லும் நேரே தமிழ்ச் சொல்லும் அமைந்த அச்சிறு நூலைப் பரீட்சைக்கு வேண்டாத ஒன்றாகவே அவள் முதலில் எண்ணினாள். உயர்தரத்தைத் தமிழில் எழுதலாம். பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியலைக் கற்பிக்கும் மொழியோ ஆங்கிலம். அதனை அறிந்த பின்னர், நாள்தோறும் பத்துச் சொற்களை இரு மொழியிலும் எழுதுவதை அவள் வழக்கமாக்கிக்கொண்டாள்.

இச்சொற்கள் தமிழுக்கு வந்த வரலாறு நெடியது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலிருந்து மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்க முனைந்தார். அதற்குக் கற்பிப்பாரும் கற்பாரும் இருந்தனர், நூல்கள் இருக்கவில்லை. ஆதலின் உடலமைப்பு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம் முதலிய துறைகளில் ஆங்கில நூல்களைத் தமிழாக்குவதும், அவற்றுக்கு வேண்டிய கலைச்சொற்களை ஆக்குவதும் அவரும் அவர்தம் மாணாக்கரும் மேற்கொண்ட பணியாயிற்று. 1875 இல் வெளிவந்த 'கெமிஸ்தம்' என்னும் இரசாயன நூல் அம்முயற்சியின் விளைவே. உலகிலுள்ள மருத்துவ நூல்கள் அனைத்தையும் அவர்கள் பெயர்க்க முற்படவில்லை. யாழ்ப்பாணத்து மாணவன் ஒருவன் மருத்துவனாவதற்கு இன்றியமையாதவை எவை என்று வினவி, அவற்றைத் தெரிந்தெடுத்தனர். அறுபதுக்கு மேற்பட்டோர் கிறீனிடம் மருத்துவம் பயின்றனர். ஓமந்தை வீட்டு மேசையிலிருந்த சொற்றொகுதி அவர்கள் தொடங்கிய பணியின் நெடுந்தொலைவுத் தொடர்ச்சியெனலாம்.

2020 ஒக்டோபரில் அவள் மீண்டும் பரீட்சை எழுதினாள். இம்முறை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மருந்தாக்கவியலுக்குத் தெரிவானாள். குறைந்த நூல்களைப் படித்தமையாலேயே இடம் கிடைத்தது என்று துணிந்து கூறுவதற்கில்லை. ஓராண்டு முதிர்ச்சியும், மாவட்ட ஒதுக்கீடும், முதன்முறை எழுதியதன் அனுபவமும் அதிற் பங்குடையன. ஆயினும் இரண்டாம் முறை மண்டபத்துக்குட் சென்றபோது தான் எதைப் படிக்கவில்லை என்பது தனக்குத் தெரிந்திருந்தது என்றும், முதன்முறை அது தெரிந்திருக்கவில்லை என்றும் அவள் பின்னர் கூறினாள். யாழ்ப்பாணத்துக்குப் புறப்பட்டபோது சொற்றொகுதி அவளோடு சென்றது. மாமா தம் கணக்குக் கொப்பியைத் திரும்பக் கேட்டு வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டில், அயல்வீட்டுத் தாய் ஒருத்தி தன் மகளையும் அழைத்துக்கொண்டு, பழைய புத்தகங்களை வாங்கிப்போக வெறும் உரப்பை ஒன்றுடன் வந்தாள். விடுமுறையில் வீட்டிலிருந்த அவள் எடுத்துக் கொடுத்தவை ஒரு கைப்பிடிக்குள் அடங்கின. “இவ்வளவுதானோ பிள்ளை?” என்று அத்தாய் ஏமாற்றத்தோடு கேட்டாள். அவள் உள்ளே சென்று ஒரு தாள் எடுத்து, வாங்க வேண்டாதவை எவையென ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினாள். அது எழுதி முடிய நெடுநேரம் சென்றது.