எஞ்சினைத் திறக்கும் முன்பு ஒரு பல்பு

கல்லிடைக்குறிச்சியில் மூன்று ஏக்கரில் நெல் போடும் விவசாயி ஒருவரின் வீட்டு வாசலில் பழைய பெட்ரோல் அம்பாசிடர் ஒன்று நிற்கிறது. அவருடைய அப்பா வாங்கியது. விதை நெல், உர மூட்டை, வாழைத்தார் எல்லாம் அதில்தான் வந்து இறங்கின. மகளைத் தலைப்பிரசவத்துக்குப் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அந்தக் காரில்தான்.

போன ஐப்பசியில் கார் படுத்துவிட்டது. மணிமுத்தாறு ரோட்டில் ஏற்றம் வந்தால் இழுக்காது, ரேடியேட்டர் கொதிக்கும், பெட்ரோலைக் குடிக்கும். ஒரு ஒர்க்ஷாப்பில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் கொஞ்சம் திருப்பிவிட்டார்கள். ஒரு மாதம் நன்றாக ஓடியது, பிறகு பழைய கதைதான். அடுத்த முறை போனபோது, "ஹெட்டை இறக்கணும், பிஸ்டன் ரிங் மாத்தணும்" என்று ஒரு தொகையைச் சொன்னார்கள். பிசான நடவுக்கும் உரத்துக்கும் எடுத்து வைத்திருந்த பணம் முழுதும் அதற்குத்தான் சரியாக இருக்கும். "வித்துத் தொலைங்க" என்றார் வீட்டம்மா. அவர் சொன்னதில் தப்பும் இல்லை.

எடைக்குப் போட ஆள் வருவதற்குள், ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒரு வயதான மெக்கானிக் வந்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, எஞ்சினத் திறக்கதுக்கு முன்னால ஒரு 12 வோல்ட் பல்பும் ரெண்டு முழம் வயரும் கொண்டா" என்றார்.

டிஸ்ட்ரிபியூட்டர் என்பது நான்கு பிளக்குக்கும் முறை வைத்துத் தீப்பொறி அனுப்பும் பெட்டி. கால்வாய்த் தண்ணீரை முறை வைத்து விடுவது போலத்தான். அம்பாசிடரின் 1489 சி.சி. எஞ்சினில் அந்த முறை 1-3-4-2. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் எஞ்சின் ஓடினால் வினாடிக்கு 100 தீப்பொறி போக வேண்டும். பெட்ரோல் ஆவி முழுதும் எரிய ஒரு கணம் பிடிப்பதால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழ வேண்டும். பிந்தினால் எரிகிற வாயு பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பதில் சைலன்சர் வழியாகச் சூடாக வெளியே போகும். கதிர் உருவாகும்போது போட வேண்டிய யூரியாவைப் பால் பிடிக்கும்போது போட்ட மாதிரி, செலவு உண்டு, பலன் இல்லை. முந்தினால் ஏற்றத்தில் 'டிக் டிக்' என்று எஞ்சின் தட்டும். தட்டுவதை அப்படியே விட்டால் நாளடைவில் பிஸ்டனே போய்விடும்.

மூடியைக் கழற்றி சி.பி. பாயிண்டின் இடைவெளியைப் பார்த்தார் பெரியவர். 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டிய இடத்தில் 0.20 தகடே நுழையவில்லை. பாயிண்டைத் தள்ளித் திறக்கிற சின்ன ஃபைபர் கட்டை தேய்ந்திருந்தது. கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், தீப்பொறியும் பிந்தும். ஒர்க்ஷாப்பில் இதைப் பார்க்காமல் டிஸ்ட்ரிபியூட்டரை மட்டும் முன்னால் திருப்பியிருக்கிறார்கள். கட்டை மேலும் தேய்ந்ததும் திரும்பவும் பிந்திவிட்டது.

புதுப் பாயிண்டைப் போட்டு இடைவெளியைச் சரிசெய்ததும், விவசாயி ஆவலாய் ஹேண்டிலைச் செருகப் போனார். "ஏ தம்பி, நில்லு! கை போயிரும்" என்று பெரியவர் தடுத்தார். இடைவெளி சரியானதும், முன்பே திருப்பி வைத்த டிஸ்ட்ரிபியூட்டரால் பொறி இப்போது ரொம்ப முந்திவிடும். அந்த நேரத்தில் ஹேண்டிலைச் சுற்றினால் எஞ்சின் பின்னால் உதைத்து மணிக்கட்டை முறித்துவிடும். எப்போது ஹேண்டில் போட்டாலும் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துப் பிடிக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் சொல்லிக்கொடுத்தார். அப்பா காலத்தில் இருந்து கார் ஓட்டுகிறவருக்கு அது தெரியாது.

பிறகு கியரை நியூட்ரலில் போட்டு, சாவியை அணைத்து, பிளக்குகளைக் கழற்றினார். ரேடியேட்டர் பக்கம் இருக்கும் முதல் சிலிண்டரின் துளையில் விவசாயி விரலை வைக்க, பெரியவர் எஞ்சினை மெதுவாகச் சுற்றினார். விரலைக் காற்று தள்ளியபோது, அது அழுத்தச் சுற்று என்று தெரிந்தது. புல்லிக் குறியை மட்டும் பார்த்தால் அது அழுத்தச் சுற்றா, எதிர்ச்சுற்றா என்று தெரியாது. புல்லியில் உள்ள வெட்டு, டைமிங் கவரில் இருக்கும் முள்ளுக்கு நேராக வந்ததும் நிறுத்தினார். முட்களில் நீளமானது உச்சியைக் காட்டும். மற்றவை அதற்கு 5, 10 டிகிரி முன்னால். எந்த டிகிரி என்பதை அந்தந்த வண்டியின் கையேட்டைப் பார்த்துத்தான் வைக்க வேண்டும்.

காயிலில் இருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வயர் முனையில் பல்பின் ஒரு வயரையும், பாடியில் மற்றதையும் தொட்டு, சாவியைப் போட்டார். கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி, ரோட்டர் சுற்றும் திசையிலேயே டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பினார். பல்பு அணைந்தது. பிறகு எதிர்த்திசையில் மயிரிழை மயிரிழையாகத் திருப்ப, பல்பு எரிந்தது. பாயிண்ட் திறக்கும் இடம் அதுதான். அங்கேயே போல்ட்டை இறுக்கினார். இதில் அவசரம் கூடாது. டிஸ்ட்ரிபியூட்டரில் 1 டிகிரி நகர்ந்தால் எஞ்சினில் 2 டிகிரி நகர்ந்ததாகும்.

மறுநாள் டாப் கியரில் மணிமுத்தாறு ரோட்டில் ஓட்டிப் பார்த்தார்கள். ஏற்றத்தில் லேசாகத் தட்டியது. இறங்கி, டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகை 'ஆர்' என்ற எழுத்துப் பக்கம் கொஞ்சம் திருப்பியதும் சத்தம் நின்றது. ரேடியேட்டர் கொதிக்கவில்லை.

ஆனாலும் வேலை தீர்ந்துவிடவில்லை. ரோட்டர் தண்டைப் பிடித்து ஆட்டினால் புஷ் ஆடுகிறது. அது ஆடினால் இடைவெளி நிலையாக நிற்காது. 2014-லேயே அம்பாசிடர் உற்பத்தி நின்றுவிட்டதால் சாமான் தேடி அலைய வேண்டும். "அறுவடை முடியட்டும், பாப்போம்" என்று சொல்லி, பெரியவர் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் எஞ்சினுக்கும் குறுக்கே ஆணியால் ஒரு கோடு கீறினார். யாராவது திருப்பினால் தெரிந்துவிடும். நடவுப் பணத்தில் பாயிண்டுக்கும் அவர் கூலிக்கும் போக மீதி அப்படியே இருந்தது. அந்த வாரம் யூரியா மூட்டைகள் அதே காரில்தான் வந்தன.