சோபாவுக்கும் ஒரு கைலி!

சென்னை சென்ட்ரலில் மூர்மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் பக்கம் ஒரு தடவையாவது நின்றவர்களுக்கு எங்கள் ஊர்ப் பெயர் தெரியும். மின்சார ரயில் நெற்றியில் எழுதிக்கொண்டு நிற்கும்: 'கும்மிடிப்பூண்டி'. படித்தவர்கள் லட்சக்கணக்கில் இருப்பார்கள். இறங்கிப் பார்த்தவர்கள்? மீஞ்சூரில் பாதி, பொன்னேரியில் மீதி என்று பெட்டி காலியாகிவிடும். கடைசி வரை வருகிறவர்கள் இரண்டே வகை. சிப்காட்டில் வேலை பார்ப்பவர்கள் ஒரு வகை. தூங்கிவிட்டவர்கள் இன்னொரு வகை.

இரும்பு உருக்கும் ஆலை, கம்பி இழுக்கும் ஆலை, லாரி, லாரிக்குப் பின்னால் இன்னொரு லாரி... இதுதான் ஊர். எங்கள் வீட்டு ஜன்னலைத் துடைத்த துணியை உதறினால் கால் கிலோ இரும்பு தேறும் என்பாள் என் மனைவி. இந்த ஊரில் போய் வீட்டு அலங்காரமா என்று கேட்காதீர்கள். இப்போது இங்கேயும் மனைப்பிரிவுகள், புது வீடுகள், அவற்றை அலங்கரிக்க சென்னையிலிருந்து காரில் வரும் இளைஞர்கள் எல்லாம் உண்டு. போன வருடம் நாங்கள் வீடு கட்டி முடித்தபோது எங்களுக்கும் ஒருவர் வந்தார். கையில் டேப்லெட், காலில் சாக்ஸ் இல்லாத ஷூ.

"சார், உங்க ஹால்ல ஒரு ஸ்டேட்மென்ட் பீஸ் மிஸ்ஸிங்."

"பேங்க்ல கேட்டு வாங்கிட்டு வரவா தம்பி?"

தம்பி சிரிக்கவில்லை. வீட்டுக்குள் நுழைகிறவர்கள் முதல் பார்வையிலேயே, 'இது வேறு எங்கேயும் இல்லாத பொருளாச்சே!' என்று நிற்க வேண்டுமாம். உதாரணத்துக்குப் படம் காட்டினார். கண்ணை மூடிய புத்தர் தலை. மாட்டு வண்டிச் சக்கரம். பூ மிதக்கும் பித்தளை உருளி. இந்த மூன்றும் போரூரில் என் மச்சினன் வீட்டில் இருக்கின்றன. முகப்பேரில் என் மேனேஜர் வீட்டிலும் இருக்கின்றன. வேறு எங்கேயும் இல்லாத பொருள் எப்படி எல்லார் வீட்டிலும் இருக்கிறது என்று கேட்டேன். ஹாலுக்கு மட்டும் நாலே முக்கால் லட்சம் ஆகும் என்று பதில் வந்தது. காபி கொடுத்து அனுப்பி வைத்தோம்.

தனக்கென்று ஒரு பொருள் என்றால் என்ன என்பதை நான் பார்த்தது எங்கள் தெருக்கோடி வீட்டில். ரோலிங் மில்லில் முப்பது வருடம் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் வீடு அது. எல்லார் வீட்டிலும் கடிகாரம் தொங்குகிற இடத்தில் அங்கே ஒரு நீளமான இரும்பு இடுக்கி தொங்குகிறது. பழைய மில்களில், சிவக்கக் காய்ந்த கம்பி ஒரு ஜோடி உருளையிலிருந்து பாய்ந்து வரும்போது ஓர் ஆள் இடுக்கியால் 'லபக்'கென்று பிடித்து, திருப்பி அடுத்த உருளைக்குள் விட வேண்டும். பிடி தவறினால் பாம்பு மாதிரி சுருண்டு காலைச் சுற்றும். பெரியவரின் இடது முழங்காலுக்குக் கீழே அந்தக் கையெழுத்து இருக்கிறது. பேத்தியைப் பெண் பார்க்க வந்த அன்று அதைக் கழற்றி வைக்கும்படி மருமகள் கெஞ்சியிருக்கிறாள். "இந்த வீட்டுச் செங்கல் அத்தனையும் அது சம்பாதிச்சதும்மா. அது அங்கேயே இருக்கட்டும்" என்றாராம். இருந்தது. கல்யாணமும் நடந்தது.

எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்தவர் முகாமிலிருந்து வந்தார். முகாம் என்றால் எங்கள் ஊரில் வேறு விளக்கம் தேவையில்லை. இலங்கைத் தமிழர் முகாம், தமிழ்நாட்டில் பெரியவற்றில் ஒன்று. தாய் தகப்பன் 1990-ல் படகில் வந்தவர்கள். இவர் இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, படித்த படிப்புக்கு வேலை கிடைக்காமல் பிரஷ்ஷைக் கையில் எடுத்தவர். முகாம் ஆண்களில் நிறையப் பேருக்கு இதுதான் தொழில். எங்களிடம் அச்சு அசலாக நம்ம ஊர்த் தமிழ். போனில் அம்மாவிடம் பேசும்போது மட்டும் "ஓமம்மா, வாறன்" என்று குரலே மாறிவிடும்.

கலர் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் மூன்று நாள் சண்டை போட்டோம். பெயர்கள்தான் எத்தனை நாசூக்கு! 'ஐவரி மிஸ்ட்' என்று போட்டிருந்ததை அவள் பார்த்துவிட்டு, "அவிச்ச உருளைக்கிழங்கு கலர். வேணாம்" என்றாள். பெயிண்டர்தான் பஞ்சாயத்து செய்தார். "அக்கா, சுவரை வெள்ளையா விட்டுடுங்க. கலரைப் பொருள்ல கொண்டு வாங்க. ஓலைக்குப் பழவேற்காடு போங்க. துணியும் அந்தப் பக்கத்துச் சரக்குதான்."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோம். கவரைப்பேட்டை, பொன்னேரி, அங்கிருந்து கிழக்கே திரும்பினால் சுமார் 20 கிலோமீட்டர். லாரிச் சத்தம் பின்தங்கி, உப்புக் காற்று முன்னால் வரும். (இந்த இடத்தில் ஒரு முணுமுணுப்பு. 1997-ல் செங்கல்பட்டிலிருந்து பிரிந்து திருவள்ளூர் மாவட்டம் உருவானது. மாவட்டம் ஒன்றே என்றாலும் கும்மிடிப்பூண்டிக்காரன் ரயிலில் திருவள்ளூர் போக வேண்டுமானால், சென்னை வரை போய் வேறு லைனில் திரும்பி வர வேண்டும். பட்டா வாங்க நான் அலைந்த தூரத்தில் பழவேற்காட்டுக்குப் பத்து தடவை போயிருக்கலாம்!)

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் பூநாரை பார்ப்பார்கள், நண்டு சாப்பிடுவார்கள், ஊர் திரும்புவார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்துக்கும் போவார்கள். வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள், கல்லில் செதுக்கியவை, வாட்ச்மேன் மாதிரி நிற்கின்றன. அதைப் பார்த்து என் மனைவி சொன்னாள்: "ஸ்டேட்மென்ட் பீஸ்னா இதுதாங்க. வாசல்ல வெச்சா உங்க சொந்தக்காரங்க ஒருத்தரும் வர மாட்டாங்க."

டச்சுக்காரர்கள் இங்கே 1613-ல் ஜெல்ட்ரியா என்று ஒரு கோட்டை கட்டினார்கள். இன்று புதரும் இடிபாடும்தான். சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு 1690 வரை இதுதான் தலைமையிடம். எதற்காக அவ்வளவு தூரத்திலிருந்து வந்து உட்கார்ந்தார்கள்? துணிக்காக! ஜாவா, மொலுக்கா தீவுகளில் மிளகும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க வெள்ளிக்காசை நீட்டுவதைவிட நம்ம கரைத் துணியை நீட்டினால் காரியம் சுலபமாக நடந்தது. துணி மட்டுமா? மனிதர்களையும் அடிமைகளாக இதே கரையிலிருந்து கப்பலேற்றினார்கள். கல்லறைக் கல்லில் செதுக்கியிருக்கும் குடும்பச் சின்னங்கள் அழகுதான். அழகை ரசிக்கும்போது இதுவும் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

நெய்ததும் சாயம் போட்டதும் பெரும்பாலும் உள்ளே தள்ளி இருந்த கிராமங்கள். ஆனால் கப்பலேறிய துறைமுகத்தின் பெயர்தான் துணிக்கு ஒட்டிக்கொண்டது. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் கட்டம் போட்ட கைலிக்கு இன்றைக்கும் பெயர் 'பெலிக்காட்'. பழவேற்காட்டை வெள்ளைக்காரன் 'புலிகாட்' என்றானே, அதன் வழியாக வந்த பெயர். மெக்சிகோவில் கழுத்தில் கட்டிக்கொள்ளும் கைக்குட்டைக்கு 'பலியகாத்தே' என்று பெயர். அதற்கும் இதே ஊர்தான் மூலம் என்கிறார்கள். பொன்னேரியிலிருந்து பஸ் சரியாகக் கிடைக்காத ஊர், மெக்சிகோ வரை போய் வந்திருக்கிறது பாருங்கள்!

வீட்டு அலங்காரத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. நம் பாட்டிகள் 'சீட்டித் துணி' என்பார்களே, பூப்போட்ட துணி, அதைத்தான் வெள்ளைக்காரன் 'சின்ட்ஸ்' என்றான். சோழமண்டலக் கரையில் எழுதிய சீட்டியும், நடுவில் ஒரு பெரிய மரம் படர்ந்து நிற்கும் படுக்கை விரிப்பும் ஐரோப்பாவில் போட்ட போடு கொஞ்சமில்லை. லண்டனில் சாமுவேல் பீப்ஸ் என்ற அதிகாரி டைரி எழுதுவதில் பிரசித்தி பெற்றவர். மனைவியின் படிப்பறைச் சுவரில் ஒட்ட இந்தியச் சீட்டி வாங்கியதை 1663-ல் எழுதி வைத்திருக்கிறார். (மனைவி கேட்டதும் வாங்கிக் கொடுத்திருக்கிறார் என்று என் மனைவி இந்த வரியைப் பலமுறை படிக்கச் சொன்னாள்.) மோகம் முற்றிப்போய் அந்த ஊர் நெசவாளிகள் வயிற்றில் அடி விழுந்தது. 1719-ல் லண்டன் தெருவில் சீட்டி உடுத்திப் போன பெண்களின் உடையையே கிழித்தார்கள். பிரான்ஸ் 1686-லேயே தடை போட்டது. இங்கிலாந்து 1700-லும் 1721-லும் சட்டம் கொண்டு வந்தது. ஜன்னல் திரைக்கும் மெத்தை உறைக்கும் பார்லிமென்ட் கூடிச் சட்டம் போட்டதென்றால், அந்தத் துணி எப்படி இருந்திருக்க வேண்டும்!

இன்று நாங்கள் நடந்த தெருக்களில் தறிச் சத்தம் இல்லை. ஓலைச் சத்தம்தான் இருக்கிறது. மதியச் சமையல் முடிந்து முஸ்லிம் வீட்டுப் பெண்கள் திண்ணையில், கூடத்தில் உட்கார்ந்து பனை ஓலை பின்னுகிறார்கள். கூட்டுறவு சங்கமும் உண்டு. குருத்தோலையை வெட்டிக் காயவைத்து, ஈர்க்கை நீக்கி, கத்தியால் நூல் பிடித்த மாதிரி கீறி, சாயத் தண்ணீரில் கொதிக்கவிட்டு எடுக்கிறார்கள். ரோஜா நிறம், பச்சை, ஊதா. பின்னல் தொடங்கிவிட்டால் கண் வேறு எங்கேயோ இருக்கிறது, விரல் தானாக ஓடுகிறது.

ஒரு வீட்டில் மூடி போட்ட பெட்டி ஒன்றை என் மனைவி எடுத்துப் பார்த்தாள். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டாள்.

"காலைல உக்காந்தா அஸருக்குள்ள முடிஞ்சிடும்மா" என்றார் அந்த அம்மாள். விலை நூற்றைம்பது ரூபாய். அதாவது ஒரு நாள் வேலை. அதிலும் ஓலைக் காசும் சாயக் காசும் போக மிச்சம் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இதே அளவுப் பெட்டியைச் சென்னையில் ஒரு பெரிய கடையில் அறுநூற்றைம்பது ரூபாய்ச் சீட்டோடு பார்த்திருக்கிறேன். ஏ.சி. காற்று பட்டால் ஓலைக்கும் மவுசு வந்துவிடுகிறது.

"உங்க பொண்ணு பின்னுமா?"

"அதுக்குத் தெரியும். ஆனா உக்காராது. கும்மிடிப்பூண்டி கம்பெனிக்குப் போவுது. வேன் வந்து கூட்டிட்டுப் போவுது, மாசமானா சம்பளம். இத பின்னுன்னு நான் எந்த வாயால சொல்றது?"

நானும் அதே ஊர்க் கம்பெனிச் சம்பளத்தில் வீடு கட்டியவன். அதற்கு என்ன சொல்ல முடியும்? கேட்ட விலையைக் கொடுத்து நான்கு பெட்டிகள் வாங்கினோம். விளக்குக்கு மேல் கவிழ்க்கிற மாதிரி ஒரு கூடு பின்ன முடியுமா என்று கேட்டோம். இதுவரை செய்ததில்லையாம். செல்போனில் படம் காட்டியதும், "கொட்டானைக் கவுத்துப் போட்ட மாதிரிதான இருக்கு" என்று சிரித்தார். பத்து நாளில் தயார். குண்டு பல்ப் காலமாக இருந்தால் ஓலை கருகிவிடும் என்று பயப்பட வேண்டும். இப்போது எல்.இ.டி. வந்துவிட்டதால் அவ்வளவாகச் சூடில்லை. மழைக்காலத்தில் மட்டும் பூசணம் பிடிக்காமல் அவ்வப்போது வெயில் காட்ட வேண்டும். சாயங்காலம் விளக்கைப் போட்டால் ஹால் சுவர் முழுக்கக் கட்டம் கட்டமாக நிழல் விழுகிறது. வெள்ளைச் சுவரின் பயன் அன்றைக்குத்தான் புரிந்தது.

கட்டம் என்றதும் அடுத்த யோசனை என் மனைவிக்கு. பொன்னேரிக் கடைவீதியில் கைத்தறிக் கைலி மூன்று வாங்கினாள். சிவப்பும் நீலமும் கலந்த பெரிய கட்டம். எனக்குத்தானாக்கும் என்று சந்தோஷப்பட்டேன். வீட்டுக்கு வந்ததும் கத்தரிக்கோல் போட்டுத் திண்டு உறையும் சோபா உறையும் தைத்துவிட்டாள். போரூர் மச்சினன் வந்து பார்த்துவிட்டு, "என்ன மாமா, சோபாவுக்குக் கைலி கட்டி விட்டிருக்கீங்க?" என்றான். அக்காள் விடுவாளா? பீப்ஸில் ஆரம்பித்து பார்லிமென்ட் வழியாக மெக்சிகோ போய்ச் சேர்ந்தாள். போகும்போது அவனும் ஒரு விளக்குக் கூடு சொல்லிவிட்டுப் போனான். இப்போது அந்த அம்மாளிடம் அப்படி எட்டு கூடுகளுக்கு ஆர்டர் இருக்கிறது. விலை அவர் சொன்னதுதான். நடுவில் யாரும் இல்லை. அடுத்த தடவை போனபோது, மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கூட உட்காருகிறாள் என்றார்.

பெயிண்டருக்குப் பாக்கி கொடுக்க ஒரு நாள் முகாமுக்குப் போயிருந்தேன். சின்ன வீடு. நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும். வாசலில் பெயிண்ட் டப்பாக்களில் குரோட்டன்ஸ் செடி. உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். எதிர்ச் சுவர் முழுக்க மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக நிறங்கள். ஒரு பட்டை நாலு விரல் அகலம். மொத்தம் நாற்பது இருக்கும்.

"வேலை செஞ்ச வீடுங்கண்ணா. டப்பா அடியில மிஞ்சினதைக் கேட்டு வாங்கிட்டு வந்து, ஒரு வீட்டுக்கு ஒரு பட்டை அடிப்பேன். இது மீஞ்சூர் டாக்டர் வீடு. இந்த ஆரஞ்சு, பொன்னேரி நகைக்கடைக்காரர் வீடு. இது கவரைப்பேட்டை கல்யாண மண்டபம்."

அவருடைய அம்மா மூலையில் உட்கார்ந்தபடி, "ஊரிலயிருந்த எங்கட வீடு நீலம். அதைத்தான் முதல் அடிச்சவன்" என்றார். இடது ஓரத்தில் முதல் பட்டை நீலம்தான். பார்த்தே இராத வீட்டின் நீலத்தை அம்மா சொல்லச் சொல்ல மூன்று தடவை கலந்து சரிசெய்தாராம்.

வலது ஓரத்தில் கொஞ்சம் இடம் பாக்கி இருந்தது.

"எங்க வீடு எங்கே?"

"உங்க வீட்ல சொட்டு மிச்சமில்லையேண்ணா. அக்கா மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கும் சேர்த்து அடிக்கச் சொல்லிட்டாங்க."

மறுநாள் ஆபீஸ் போகும் வழியில் அரை லிட்டர் வெள்ளை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனேன்.