எள்ளல் இருவகை

எண்வகை மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைத்தார் தொல்காப்பியர். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்று கூறி, அவற்றுள்ளும் எள்ளலையே முதலில் வைத்தார். அதற்கு உரை வகுத்த பேராசிரியர், தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுவது மற்றொன்று என எள்ளலை இரண்டாகப் பிரித்துக் காட்டுவார். பல்கலைக்கழகத்தில் இப்பகுதியைப் பரீட்சைக்காக மனனஞ் செய்து, புள்ளியும் பெற்றேன். ஆயினும் அதன் பொருள் விளங்க எனக்கு ஒரு பாடசாலை நாடகமும், கடல் கடந்த நாட்டு நகைச்சுவை நடிகை ஒருவரின் வரலாறும் வேண்டியிருந்தன.

முதலில் நாடகம். சில ஆண்டுகளுக்கு முன்னர், நான் கற்பித்த பாடசாலையில் தமிழ்த்தின விழாவுக்கென ஒரு நகைச்சுவை நாடகத்தைத் தயாரித்தேன். காலை இழுத்து இழுத்து நடந்து, ஊர்வம்பெல்லாம் பேசும் கிழவி ஒருத்தியே அதன் உயிர்ப்பான பாத்திரம். வசனங்களை வாசித்துப் பார்த்த அன்று, பத்தாந் தர மாணவி ஒருத்தி அக்கிழவியின் பேச்சை வாசித்தபோது வகுப்பறையே குலுங்கிச் சிரித்தது. ஆனால் அவளுக்குப் பிறவியிலேயே ஒரு கால் குட்டை. “பிள்ளை, உமக்கு மேடைப்படி ஏறுறது கஷ்டம்” என்று கூறி, அப்பாத்திரத்தை வேறொருத்திக்குக் கொடுத்தேன். அவளைத் திரைக்குப் பின்னால் இருத்தி, வசனம் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பை ஒப்படைத்தேன். நான் செய்தது கருணை என்றே நம்பினேன்.

நாடகம் வெற்றி பெற்றது. நல்ல காலுடையவள் நொண்டிக் காட்டியபோது மண்டபம் அதிர்ந்தது. முடிவில், திரைக்குப் பின்னால் இருந்தவள் என்னிடம் வந்தாள். “சேர், அவள் வடிவாய்த்தான் நொண்டினவள். ஆனால் இரண்டாம் காட்சியிலை கால் மாறிப்போச்சு” என்றாள். நானும் சிரித்தேன். அத்துடன் அதை மறந்தும் போனேன்.

இனி நடிகை. மைசூன் ஸாயித் அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில் பலஸ்தீனப் பெற்றோருக்குப் பிறந்தவர். தமது பிறப்பின்போது மருத்துவர் குடிபோதையில் இருந்தார் என்றும், அவர் செய்த பிழையினால் மூளைக்குச் செல்ல வேண்டிய பிராணவாயு தடைப்பட்டு, மூளைவாதம் தம்மைப் பற்றியது என்றும் அவரே மேடைகளிற் கூறியிருக்கிறார். அவரது உடல் ஓயாது நடுங்கும். அக்குழந்தை நடக்க மாட்டாது என்று பிறர் கூறினர். தந்தையோ மகளின் பாதங்களைத் தம் பாதங்களின் மேல் வைத்து, அடியடியாக நடந்து நடந்து அவருக்கு நடை பழக்கினார். பணங் கொடுத்து உடற்பயிற்சி மருத்துவம் பெறக் குடும்பத்திற்கு வசதி இல்லை. ஆகவே மகளை நடன வகுப்புக்கு அனுப்பினர். சகோதரிகள் நிலந் துடைத்தால் அவரும் நிலந் துடைக்க வேண்டும். அவ்வீட்டில் அவருக்கென்று இரக்கச் சலுகை எதுவும் இருக்கவில்லை.

நடிகையாக வேண்டும் என்னும் ஆசையோடு அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றார். நல்ல புள்ளிகள் பெற்றும் பாத்திரங்கள் கிடைக்கவில்லை. இறுதியாண்டில், மூளைவாதமுள்ள பெண் ஒருத்தியைப் பற்றிய நாடகம் ஒன்று அங்கே மேடையேற இருந்தது. இது தமக்கென்றே எழுதப்பட்டது என மகிழ்ந்து சென்றார். பாத்திரமோ உடற்குறையற்ற மாணவி ஒருத்திக்குப் போயிற்று. காரணம் கேட்டார். நாடகத்தில் வரும் சாகசச் செயல்களை அவராற் செய்ய இயலாதாம்! தம்மால் இயலாதவை அப்பாத்திரத்தாலும் இயலாதவையல்லவா என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இவ்விடத்தைக் கேட்டபோதுதான் எனக்கு முகம் சுருங்கியது. பல்லாயிரம் மைல்களுக்கு அப்பால் ஒரு பல்கலைக்கழகம் செய்ததை, ஒரு சிறு பாடசாலையில், முற்போக்குப் பேசும் நானும் செய்திருந்தேன்.

பின்னர் தொலைக்காட்சித் தொடர் ஒன்றிற் பின்னணி முகமாக நின்று பார்த்தார். பேசும் பாத்திரம் வரவில்லை. எனவே தாமே எழுதி, தாமே மேடையில் தனித்து நின்று பேசும் நகைச்சுவைக் கலையைத் தேர்ந்தார். ஆரம்ப நாட்களில் அவருக்குக் கிடைத்த தொழில், பெயர்பெற்ற நகைச்சுவையாளரை நியூ யோர்க்கிலிருந்து நியூ ஜேர்சி மேடைகளுக்குக் காரில் ஏற்றிச் செல்வது. விரைந்தோடும் காரின் சாரதிக்கு மூளைவாதம் என்பதை முதலாவது பிரயாணி உணர்ந்த கணத்தில் அவர் முகம் போன போக்கையும் பின்னாளில் ஒரு நகைச்சுவைத் துணுக்காக்கினார்.

2003ஆம் ஆண்டில், அரபு மக்களைப் பயங்கரவாதிகளாக மட்டுமே காட்டிய சூழலில், நண்பரொருவருடன் சேர்ந்து நியூ யோர்க்கில் அரபு அமெரிக்க நகைச்சுவை விழாவைத் தொடங்கினார். மத்திய கிழக்கு மேடைகளில் அரபு மொழியிலும் பேசினார். பலஸ்தீன அகதிச் சிறுவருள் ஊனமுற்றோருக்கும் காயமடைந்தோருக்கும் உதவும் பணியையும் மேற்கொண்டார். 2013இல் அவர் ஆற்றிய உரையொன்று உலகெங்கும் பல இலட்சம் பேரைச் சென்றடைந்தது. ஒடுக்கப்பட்டோருக்கென ஒலிம்பிக் போட்டி வைத்தால் தங்கப் பதக்கம் தமக்கே என்று அதில் வேடிக்கையாகக் கூறுவார்: பலஸ்தீனர், முஸ்லிம், பெண், உடற்குறையுடையவர், போதாக்குறைக்கு நியூ ஜேர்சிவாசி! 2019இல், தாம் நீண்ட நாள் கனவு கண்ட ‘ஜெனரல் ஹொஸ்பிட்டல்’ என்னும் தொடரிற் சட்டத்தரணியாக நடித்தார்.

இவ்வரலாற்றை ‘முயன்றால் முடியாதது இல்லை’ என்னும் நீதிக்கதையாக மாணவருக்குச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அது பிழையும் ஆகும். முயற்சியில் அவர் எந்நாளும் குறைந்தவரல்லர், கதவுதான் பூட்டியிருந்தது. உடற்குறையுடையோரே உலகின் மிகப் பெரிய சிறுபான்மையினர் என்றும், கலையுலகில் மிகக் குறைந்த இடம் பெற்றோரும் அவர்களே என்றும் அவர் வாதிப்பது தமக்கு ஒரு பாத்திரம் வேண்டி அன்று. தம்மைப் பற்றிய கதையைச் சொல்லும் உரிமை யாருடையது என்னும் வினாவே அது. நிலமும் தொழிற்சாலையும் யாருக்குரியவை என்று கேட்கப் பழகிய நாம், மேடை யாருக்குரியது என்று கேட்க மறந்துவிட்டோம்.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. உடற்குறை காரணமாகத் தொழிலிலோ கல்வி நிலையத்திலோ எவருக்கும் பாரபட்சம் காட்டலாகாது என 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் விதிக்கிறது. ஆயின் பாத்திரத் தேர்வு நடக்கும் வகுப்பறைக்குள் சட்டம் வந்து நிற்பதில்லை. அங்கே நிற்பவர் ஆசிரியர். அவருடைய கருணை சில வேளைகளிற் சட்டமீறலைக் காட்டிலும் கொடியது. மீறலை எதிர்த்து வழக்காடலாம், கருணையை எதிர்த்து ஒரு பத்தாந் தரப் பிள்ளை என்ன செய்வாள்?

அவள் ஒரு பகடி சொன்னாள். கால் மாறிப்போனதை மண்டபத்தில் வேறெவரும் கவனிக்கவில்லை. நாடகத்தைத் தயாரித்த நானும் கவனிக்கவில்லை. நொண்டுவது எப்படி என்று அறிந்தவள் அங்கே அவள் ஒருத்தியே. மண்டபம் சிரித்தது பேராசிரியர் கூறிய முதலாவது எள்ளல். அவள் சிரித்தது இரண்டாவது. முன்னதற்கு மேடை கொடுத்தேன், பின்னதைத் திரைக்குப் பின்னால் இருத்தினேன்.

அடுத்த நாடகத்தின்போது எங்கள் மண்டபத்து மேடைப்படிகளின் மேல் சரிவாகப் பலகை அடித்தோம். படிகள் ஐந்துதான். தச்சுவேலை ஒரு பிற்பகலில் முடிந்தது. அவள் அதற்கு முந்திய ஆண்டே பாடசாலையை விட்டுப் போய்விட்டாள்.