சாங்கானேர்: பூட்டு இல்லாத ஜெயில்

ஜெய்ப்பூரின் தெற்கே, விமான நிலையத்தை ஒட்டிய ஊர் சாங்கானேர். மரக்கட்டை அச்சில் பூப்போட்ட துணியும் கையால் செய்த காகிதமும் இந்த ஊருக்கு வெளிநாடு வரை பெயர் வாங்கித் தந்தவை. ஆனால் குற்றவியல் அறிஞர்கள் சாங்கானேரைத் தேடி வருவது துணி வாங்க அல்ல. இங்கே ராஜஸ்தான் சிறைத்துறைக்கு ஒரு குடியிருப்பு இருக்கிறது. உயர்ந்த மதில் இல்லை. கம்பிக் கதவு இல்லை. துப்பாக்கி ஏந்திய காவலர் இல்லை. இருப்பவை சின்னச் சின்ன வீடுகள், கொடியில் காயும் துணிகள், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும் குழந்தைகள். வீட்டுக்காரர்கள்? தண்டனைக் கைதிகள். சுமார் 400 பேர். பெரும்பாலோர் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்கள்.

சம்பூர்ணானந்த் திறந்தவெளிக் கைதிகள் முகாமின் அன்றாடம் மிக எளிமையானது. காலையில் பெயர் கூப்பிடுவார்கள். ஆஜர் சொன்ன கைதி வேலைக்குப் போகலாம். கட்டட வேலை, கடை வேலை, தொழிற்சாலை வேலை என்று எது கிடைக்கிறதோ அது. பிறர் சொத்துக்குக் காவலாளியாக இருக்கும் கொலைக் கைதிகளும் உண்டு! குறிப்பிட்ட எல்லையைத் தாண்டக் கூடாது. மாலையில் மறுபடி பெயர் கூப்பிடும்போது ஆள் இருக்க வேண்டும். தவறினால், பழையபடி மதில் சூழ்ந்த ஜெயில்தான்.

அரசு இங்கே சோறு போடுவதில்லை. கைதி தன் சம்பாத்தியத்தில் அரிசி பருப்பு வாங்க வேண்டும். மின்சாரக் கட்டணமும் அவர் பொறுப்பு. மனைவியும் பிள்ளைகளும் கூடவே இருக்கலாம். பெண் கைதிகளுக்கும் இடமுண்டு. கைதிகளே தேர்ந்தெடுக்கும் பஞ்சாயத்து ஒழுங்கைக் கவனித்துக்கொள்கிறது.

இந்த முகாம் 1963ல் உருவானது. அப்போது ராஜஸ்தான் கவர்னராக இருந்த டாக்டர் சம்பூர்ணானந்தின் பெயரைத் தாங்கியிருக்கிறது. அவர் உத்தரப் பிரதேச அரசில் இருந்த காலத்திலேயே, 1950களின் தொடக்கத்தில், வாரணாசிக்கு அருகே சந்திரப்பிரபா அணை கட்டும் வேலைக்குக் கைதிகளைத் திறந்த முகாமில் தங்கவைத்துப் பார்த்தார்கள். அதற்கும் முன்னோடி ஒன்று உண்டு. மகாராஷ்டிரத்தில் இன்றைய சாங்லி மாவட்டத்தில் உள்ள ஸ்வதந்திரபூர், 1939ல் அவுந்த் சமஸ்தானத்தில் தொடங்கிய சோதனை. சாந்தாராமின் 'தோ ஆங்கேன் பாரா ஹாத்' (1957) படத்துக்கு விதை போட்டது அதுதான். 1975ல் எம்.ஜி.ஆர். நடித்த 'பல்லாண்டு வாழ்க' மூலம் தமிழ் ரசிகர்களுக்கும் அந்தக் கதை பழக்கமானது. படத்தில் ஆறு கைதிகளைத் திருத்தியது ஒரு அதிகாரியின் கண்கள். சாங்கானேரில் அப்படி ஒரு கதாநாயகன் யாருமில்லை. இங்கே அந்த வேலையைச் செய்வது வீட்டுக்காரியும் முதலாளி தரும் கூலியும்.

தப்பி ஓடுவதில்லையா? அபூர்வமாக நடப்பதுண்டு. ஆனால் ஓடுகிறவன் எதை விட்டு ஓடுவான்? மதிலுக்குள் இருப்பவன் தப்பித்தால் விட்டுப்போவது ஒரு தட்டையும் போர்வையையும்தான். இங்கே குடும்பத்தையும் வேலையையும் விட்டு ஓட வேண்டும்.

இதையே ஆதாரமாக்கி 'ஜெயிலே வேண்டாம்' என்று சொல்லிவிட முடியாது. சாங்கானேருக்கு வருபவர்கள் வடிகட்டப்பட்டவர்கள். ராஜஸ்தானின் 1972ஆம் ஆண்டு விதிகளின்படி, தண்டனைக் குறைப்பையும் சேர்த்து மூன்றில் ஒரு பங்கையாவது மூடிய சிறையில் கழித்திருக்க வேண்டும். நடத்தை சரியாக இருந்திருக்க வேண்டும். சிறையிலிருந்து தப்பியவர்களுக்கும் சில வகைக் குற்றவாளிகளுக்கும் அனுமதி இல்லை. நல்ல பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்த வகுப்பில் எல்லோரும் தேறிவிட்டால் அதில் வாத்தியாரின் பங்கு எவ்வளவு என்ற கேள்வி நியாயமானதே. கொலையுண்டவரின் குடும்பத்துக்கு, கொன்றவன் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருப்பது வலிக்கும் என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால் சாங்கானேர் எழுப்பும் சங்கடமான கேள்வி வேறு. பத்தாண்டு கழித்துக் கொலைக் கைதியை நம்பத் தயாராக இருக்கும் அரசு, முதல்முறை சைக்கிள் திருடியவனை முதல் நாளிலேயே ஏன் நம்புவதில்லை?

சட்டம் இல்லாமல் இல்லை. குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் வந்தது 1958ல். மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றம் செய்தவரை, ஜெயிலுக்கு அனுப்பாமல், நன்னடத்தைக்குப் பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு கோர்ட் விடுவிக்கலாம். மூன்றாண்டு வரை கண்காணிப்பு. பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடு தரவும் உத்தரவிடலாம். 21 வயதுக்கு உட்பட்டவரை இந்தச் சலுகை மறுத்துச் சிறைக்கு அனுப்பினால், நீதிபதி அதற்குக் காரணம் எழுத வேண்டும். நன்னடத்தை அலுவலர் விசாரித்து அறிக்கை தர வேண்டும். வேலை தேடித் தரவும் முயல வேண்டும்.

காகிதத்தில் எல்லாம் சரி. 2022 இறுதியில் நாட்டின் சிறைகளில் இடம் 4,36,266 பேருக்கு. இருந்தவர்கள் 5,73,220 பேர். இவர்களில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கு, தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள். நன்னடத்தை விடுதலை என்பது தீர்ப்புக்குப் பிறகு வருவது. ஜாமீனுக்கு ஆள் கிடைக்காத ஏழை அதற்குள் பல மாதங்களை உள்ளே கழித்துவிடுகிறான். சின்னக் குற்றமானால், தீர்ப்பு வரும்போது தண்டனைக் காலமே முடிந்திருக்கும்.

இன்னொரு முடிச்சும் உண்டு. பத்திரம் எழுதிக் கொடுப்பவருக்கோ அவருக்கு ஜாமீன் நிற்பவருக்கோ நிலையான இருப்பிடமோ ஒழுங்கான தொழிலோ இருக்கிறதா என்று கோர்ட் பார்க்க வேண்டும் என்கிறது 1958 சட்டம். நடைபாதையில் தூங்கும் வெளிமாநிலக் கூலிக்காரன் எதைக் காட்டுவான்? வீடும் வேலையும் இல்லாததால் அவன் உள்ளே போகிறான். உள்ளே போய் வந்ததால் வீடும் வேலையும் கிடைப்பதில்லை.

சாங்கானேரின் ரகசியம் இங்கேதான் இருக்கிறது. சட்டம் கைதியிடம் கேட்கும் அந்த இரண்டையும் அது முதலில் கொடுத்துவிடுகிறது. பிறகு நடத்தையை எதிர்பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, முதல்முறையாகச் சின்னத் திருட்டு போன்ற சில குற்றங்களுக்குச் சமூக சேவையைத் தண்டனையாக்கியிருக்கிறது. நல்ல தொடக்கம். ஆனால் சேவை முடிந்த மாலையில் அவன் எங்கே போவான் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

முகாமுக்கும் சோதனைகள் உண்டு. விடுதலை உத்தரவு வந்த பிறகும் காலி செய்யத் தயங்கியவர்கள் இருந்திருக்கிறார்கள். வெளியே வாடகைக்கு வீடு தர யார் இருக்கிறார்கள்? 2024ல் முகாம் நிலத்தில் ஒரு பகுதியை மருத்துவமனைக்கு ஒதுக்கியபோது விவகாரம் சுப்ரீம் கோர்ட் வரை போனது. திறந்தவெளி முகாம்களின் பரப்பைக் குறைக்க முயலக் கூடாது என்று அந்த ஆண்டு மே மாதமே கோர்ட் சொல்லியிருந்தது. ஊருக்கு மருத்துவமனையும் தேவைதான். ஆனால் நகரம் வளர வளர, முதலில் கண்ணில் படுவது கைதிகளின் நிலமாக இருக்கிறது.

பொழுது சாய்கிறது. சாயப் பட்டறைகளிலிருந்தும் கட்டடங்களிலிருந்தும் திரும்பும் கூட்டத்தில் யார் கைதி, யார் சாங்கானேர்க்காரர் என்று அடையாளம் சொல்ல முடியாது. பெயர் கூப்பிடும்போதுதான் தெரியும். ஆஜர் சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். அங்கே இரவு உணவு காத்திருக்கிறது.