நாய்க்கும் பங்கு உண்டு

கம்ப்யூட்டர் கேம் என்றாலே டுமீல் டுமீல் என்று சுட்டுத்தள்ளிப் பாயின்ட் சேர்ப்பது என்று நினைப்பவர்களை ‘அன்ரியல் வேர்ல்ட்’ ரொம்பவே ஏமாற்றும். பின்லாந்துக்காரர் சமி மாரனென் 1992-ல் வெளியிட்டு, இன்றுவரை விடாமல் மெருகேற்றி வரும் விளையாட்டு இது. இரும்புக்காலத்து வடதேசக் காடு. கையில் ஒரு வில், கொஞ்சம் அம்புகள். சாப்பாட்டுக்கு நீங்கள்தான் வழி பார்த்துக்கொள்ள வேண்டும். கிராஃபிக்ஸ் ஒன்றும் பிரமாதமில்லை. மேலேயிருந்து பார்க்கிற மாதிரி சின்னச் சின்னக் கட்டங்கள், அவ்வளவுதான்.

என் அக்கா மகன் இதில் மூழ்கிக் கிடந்தான். பக்கத்தில் உட்கார்ந்து அரை மணி நேரம் பார்த்துவிட்டு, ‘‘எப்படா வேட்டை ஆரம்பிக்கும்?’’ என்றேன்.

‘‘இதான் மாமா வேட்டை!’’

பனியில் குளம்புத் தடம் தேடி நடந்துகொண்டே இருந்தான். எல்க் என்பது குதிரை உயரத்துக்கு வளரும் மான். ஒரு அம்பில் எல்லாம் விழாது. அடிபட்டு ஓடும். ரத்தச் சொட்டுகளைப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். அதற்கு மூச்சு வாங்கும்வரை நாமும் விடக்கூடாது. நமக்கும் மூச்சு வாங்கும், பசிக்கும், குளிரும்.

இங்கேதான் நாய் வருகிறது. கிராமத்தில் பண்டமாற்றாக வாங்கலாம். நம் கண்ணுக்குப் படாத மிருகத்தை அது பார்த்துக் குரைக்கும், துரத்தும். பின்லாந்தில் நிஜ எல்க் வேட்டையும் கிட்டத்தட்ட இப்படித்தான். நாய் எதிரே நின்று குரைத்துக் குரைத்து எல்க்கை நகரவிடாமல் வைத்திருக்கும். அந்தச் சத்தத்தை வைத்து வேட்டைக்காரர் வந்து சேருவார். இப்போது வில்லுக்குப் பதில் துப்பாக்கி.

பி.காம். படித்தவன் இல்லையா, உடனே வரவு செலவு பார்த்தேன். ஒரு எல்க் விழுந்தால் மலை மாதிரி கறி. ஆனால் சும்மா வைத்தால் கெட்டுப்போகும். புகை போட்டுப் பதப்படுத்த வீடும் அடுப்பும் வேண்டும். நாய்க்கும் தினமும் தீனி போட்டாக வேண்டும். வேட்டை கிடைக்காத நாளிலும் அதற்குப் பசிக்கும்.

அன்று எல்க் தப்பிவிட்டது. அதற்குப் பதில் கண்ணில் பட்டது ஒரு கரடி. நாயை அவிழ்த்துவிட்டால் அது கரடியோடு மல்லுக்கு நிற்கும். இவன் தள்ளி நின்று சாவகாசமாக அம்பு விடலாம். குளிர்காலத்துக்குக் கறி கிடைக்கும், தோலும் கிடைக்கும். நாய் பிழைக்குமா என்பது சந்தேகம். இந்த விளையாட்டில் செத்தால் செத்ததுதான். இரண்டாவது சான்ஸ் கிடையாது.

பையன் கயிற்றை அவிழ்க்கவில்லை. நாயை இழுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பிவிட்டான். ஆட்டக் கணக்கில் இரண்டு நாள் பட்டினி.

‘‘வெறும் படம்தானேடா... விட்டிருக்கலாமே?’’

‘‘நான் சொன்னா அது போயிடும் மாமா. அதான் பயமா இருக்கு’’ என்றான்.

வில்லில் குறி பார்ப்பதை நாலு நாளில் கற்றுக்கொள்ளலாம். சொன்ன சொல்லுக்குக் கேள்வி கேட்காமல் பாய்கிற ஒரு ஜீவனை எதன்மேல் ஏவலாம், எதன்மேல் ஏவக்கூடாது என்பதுதான் கஷ்டமான பாடம். ‘நீங்க முன்னால போங்க, நான் பின்னாலேயே வர்றேன்’ என்று நாலு பேரை அனுப்பிவைக்கும் நாற்காலியில் உட்காருபவர்கள், பதவியேற்கும் முன் ஒரு குளிர்காலம் இதை விளையாடிப் பார்க்கலாம்.